அவகாசம் கேட்டல்: வாய்மையும் வழுவும்

ஆராய்ந்து செயலாற்ற வேண்டும் என்று நம் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுக்கிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஒரு சிறு இடைவெளியைப் பற்றி மட்டும் நாம் மிகுதியாகப் பேசுவதில்லை. ஒருவர் நம்மிடம் ஒன்றைக் கேட்டுவிட்டார். நாம் இன்னும் விடை கூறவில்லை. "சிந்திக்கச் சில நாட்கள் தாருங்கள்" என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். அந்தச் சில நாட்கள் யாருக்கு உரியவை? அவற்றுள் நாம் எவ்வாறு ஒழுக வேண்டும்? அவ்வாறு கேட்பதில் பொய்யும் களவும் கலந்துவிட இடமுண்டா?

இவ்வினாக்களை நம்மைச் சிந்திக்க வைத்தவர்கள், கல்லூரியில் பயிலும் நம் சமூகத்துப் பிள்ளைகள் இருவர்.

இரண்டு கடிதங்கள்

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த பெண், சென்னையில் வேதிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு பயின்று வந்தார். பொறியியல் மாணவர்கள் கோடை விடுமுறையில் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் சில வாரங்கள் தொழில் பழகி வருவது இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. 'இன்டர்ன்ஷிப்' என்று வழங்கும் அதனைப் பயிற்சிப் பணி என்று நாம் குறிப்போம். அப்பெண்ணுக்கு வந்த அழைப்பு, பாலாற்றங்கரையில் உள்ள ஒரு தோல் பதனிடும் ஆலையிலிருந்து வந்தது. அவ்வாலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவில் ஆறு வாரப் பயிற்சி, உதவித்தொகையும் உண்டு, மூன்று நாட்களுக்குள் ஒப்புதல் தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. "வந்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது" என்றார் பாட்டியார். "தோல் ஆலையின் வாசலை மிதிப்பதா?" என்றார் பெரியப்பா. தகப்பனார் நம்மை அழைத்து, "ஐயா, பெண் ஒரு வாரம் அவகாசம் கேட்கலாம் என்கிறாள். கொடுக்கிறவர்களைக் காக்க வைப்பது தவறில்லையா?" என்று கேட்டார்.

அதே பருவத்தில் வேறொரு குடும்பத்து இளைஞருக்குச் சென்னைக் கணினி நிறுவனம் ஒன்றிலிருந்து பயிற்சிப் பணிக்கான அழைப்பு வந்தது. "பெற்றோரைக் கலந்து முடிவு சொல்லப் பத்து நாட்கள் வேண்டும்" என்று அவர் எழுதினார், அவகாசமும் கிடைத்தது. உண்மையில் அவர் பெற்றோரிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பெங்களூரில் மற்றொரு நிறுவனத்தின் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்தார். பத்தாம் நாள் அங்கே இடம் கிடைத்தது. சென்னை நிறுவனத்துக்கு இரண்டு வரியில் மறுப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார்.

இருவர் கேட்டதும் அவகாசமே. இருவரும் இறுதியில் மறுத்தவர்களே என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஆயினும் இரண்டும் ஒரே செயல் ஆகா. வேறுபாடு எங்கே உள்ளது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறிவின் நான்கு படிகள்

ஸ்ரீ உமாஸ்வாமி ஆச்சாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயம், புலன்களாலும் மனத்தாலும் பெறும் மதிஞானத்துக்கு அவக்கிரகம், ஈஹா, அவாயம், தாரணை என நான்கு படிகளைக் கூறுகின்றது. இதற்குப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்த சித்தி உரையில் காட்டும் உவமை நம் ஊர் ஏரிக்கரைக்கும் பொருந்துவது. தொலைவில் வெண்மையாக ஏதோ தெரிகின்றது, இது அவக்கிரகம். அது கொக்கோ, கொடியோ என்று ஆராயத் தலைப்படுவது ஈஹா. சிறகடித்து எழுவதையும் தாழ்வதையும் கண்டு கொக்கே எனத் துணிவது அவாயம். துணிந்ததை மறவாது நெஞ்சில் இருத்துவது தாரணை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஈஹா என்பது ஐயம் அன்று என்று நம் ஆச்சாரியர்கள் பிரித்துக் காட்டியுள்ளனர். ஐயம் இரு பக்கமும் இழுபட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். ஈஹாவோ உண்மையை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்ட முயற்சியாகும். கொக்கா கொடியா என்று நின்றபடியே மயங்குபவன் ஐயுறுகிறான். கரையோரம் பத்தடி நடந்து சென்று பார்ப்பவன் ஆராய்கிறான்.

அவகாசம் என்பது ஈஹாவுக்கும் அவாயத்துக்கும் இடைப்பட்ட காலம். அறிய வேண்டியது ஒன்று இருந்து, அதனை அறிய முயல்பவர் கேட்கும் அவகாசம் ஞானத்தின் வழியில் ஓர் இன்றியமையாப் படி. அதனைக் கேட்பதற்கு நாணவோ அஞ்சவோ வேண்டியதில்லை. உள்ளத்தில் துணிவு முன்பே பிறந்துவிட்டது, வெளியே மட்டும் "ஆராய்கிறேன்" என்று சொல்கிறார் என்றால், அவர் கொக்கைக் கொக்கென்று கண்ட பின்னும் கொடியோ என்று பிறரிடம் ஐயம் காட்டுபவர் ஆகிறார்.

அவசரத்தின் விலையை நம் இலக்கியம் நன்கு காட்டியிருக்கின்றது. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை ஆராயாது கட்டளையிட்ட அந்த ஒரு நொடி, கோவலன் உயிரையும், பின்னர் அரசன் உயிரையும், மதுரை நகரையும் கொண்டு போயிற்று. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் இதற்கு எதிரான காட்சியைக் காண்கிறோம். தன் தந்தையைக் கொன்று நாட்டைப் பறித்தவன் கட்டியங்காரன் என்பதை அச்சணந்தி ஆசிரியர் வாயிலாக அறிந்து சீவகன் சினந்து எழுகிறான். ஆசிரியரோ ஓராண்டு பொறுத்திருக்குமாறு அவனிடம் வேண்டுகிறார். ஓர் ஆசிரியர் தம் மாணவனிடம் கேட்டுப் பெற்றது காலம் என்பது எண்ணி மகிழத்தக்கது.

உடன்படுதலும் ஒரு வினையே

அப்பெண்ணுக்கு ஆராய வேண்டியது என்ன இருந்தது? நிறைய இருந்தது.

வினை வந்து சேரும் வாயில்களை விரிக்கும்போது சூத்திரம் நூற்றெட்டு வகை கூறுகின்றது. எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று. வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் என நான்கு. இவற்றைப் பெருக்க 108 ஆகின்றது. இதில் உடன்படுதல் என்ற சொல்லை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஓர் அழைப்புக்கு "சரி" என்று எழுதுவது வெறும் எழுத்து வேலை அன்று. அதுவே ஒரு வினை. ஆகவே உடன்படுமுன் சிந்திப்பது சிராவகருக்கு உரிமை என்பதோடு கடமையும் ஆகும்.

தோல் ஆலைக் கழிவு பாலாற்றுப் படுகையின் நிலத்தையும் நீரையும் கெடுத்த வரலாறு வட ஆர்க்காட்டு மக்களுக்குப் புதிதன்று. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியென அறிவித்தது. நீரை உடம்பாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்று நம்பும் நமக்கு, உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் கலந்த கழிவைத் தூய்மை செய்யும் பணி இரக்கம் சார்ந்த பணியாகவே தோன்றும். மற்றொரு புறம், அந்தக் கழிவு வருவது உரித்த தோலிலிருந்து. சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என ஹிம்சையை நான்காக வகுத்து, இல்லறத்தார் சங்கல்ப ஹிம்சையை அறவே விடவேண்டும், தொழிலால் நேரும் உத்யோகி ஹிம்சையை இயன்றவரை குறைக்க வேண்டும் என்பர் பெரியோர். இப்பணி எந்தப் பக்கத்தில் நிற்கின்றது? உட்கார்ந்த இடத்திலிருந்து இதற்கு விடை கூற இயலாது. விசாரித்தே அறிய வேண்டும்.

அப்பெண் ஏழு நாள் கேட்டார். ஐந்து நாள் கிடைத்தது. அந்த நாட்களை அவர் வீணாக்கவில்லை. ஆலைப் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பயிற்சியின் ஒவ்வொரு வாரமும் எங்கே கழியும் என்று கேட்டார். ஐந்து வாரம் சுத்திகரிப்புப் பிரிவில். முதல் வாரம் மட்டும் பச்சைத்தோலை ஊறவைத்துச் சுண்ணாம்பிடும் பகுதியில். கழிவு எங்கே தோன்றுகின்றது என்று அறியாமல் அதைச் சுத்தம் செய்யக் கற்க முடியாது என்றார் அவர். அந்த ஒரு வாரத்துக்கு விலக்கு உண்டா என்று கேட்டார். இல்லை என்று மரியாதையாகவே பதில் வந்தது. அன்று இரவு தம் பேராசிரியரிடமும் தகப்பனாரிடமும் பேசினார். நான்காம் நாள் காலை, தம்மால் அந்த முதல் வாரத்தை மன அமைதியுடன் கடக்க இயலாது என்பதை மறைக்காமல் எழுதி, நன்றி கூறி மறுத்தார்.

அக்கோடையில் அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே சிறு திட்டப்பணி ஒன்றைச் செய்தார், உதவித்தொகை இல்லை. அவர் எடுத்த முடிவுதான் ஒரே சரியான முடிவு என்று நாம் கூறவில்லை. நீர்வாழ் உயிர்களின் துன்பத்தைக் குறைப்பேன் என்ற எண்ணத்தோடு வேறொரு சிராவகி அதே அழைப்பை ஏற்றிருந்தால், அவரையும் நாம் குறை கூற மாட்டோம். முடிவு எதுவாயினும், அதற்கு முந்திய நான்கு நாட்களில் மாயமும் உலோபமும் புகவில்லை என்பதே நாம் கருதுவது.

காரணம் கூறுதல்

இளைஞரிடம் வருவோம். அவருடைய முதல் வழு, கூறிய காரணம். "பெற்றோரைக் கலந்து" என்ற சொல் நம் நாட்டில் யாரும் மறுக்க இயலாத சொல். அதனாலேயே அதனைப் பொய்யாகப் பயன்படுத்துவது எளிது. தாய் தந்தையர் மீது உலகம் வைத்திருக்கும் மதிப்பை எடுத்துத் தம் வசதிக்குச் செலவிட்டார்.

இவ்விடத்தில் ஒரு விளக்கம் தேவை. உள்ளத்தில் உள்ளவை அனைத்தையும் அழைத்தவரிடம் கொட்ட வேண்டும் என்று வாய்மை விரதம் விதிக்கவில்லை. "முடிவு சொல்ல எனக்கு ஒரு வாரம் தேவைப்படுகிறது" என்று மட்டும் எழுதிக் காரணம் கூறாது விடுவது பொய் ஆகாது. "வேறோர் இடத்தின் முடிவை எதிர்பார்க்கிறேன்" என்று எழுதுவதும் குற்றம் அன்று. பல நிறுவனத்தார் அதனை இயல்பாகவே எடுத்துக்கொள்கின்றனர். அளவாகவும் நன்மை பயப்பதாகவும் பேசுக என்பது பாஷா சமிதி நமக்குக் கற்பிப்பது. அளவாகப் பேசலாம், ஆனால் பேசிய அளவு மெய்யாக இருக்க வேண்டும்.

கொடுத்தது எவ்வளவோ அவ்வளவு

இரண்டாவது, களவு பற்றியது. கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்வதே களவு என்பது சூத்திரத்தின் இலக்கணம். பொருளுக்கு மட்டுமன்றிக் காலத்துக்கும் இது பொருந்தும் என்பது நம் கருத்து.

நாட்டின் சட்டமும் இதற்குத் துணை நிற்கின்றது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 தன் ஐந்தாம் பிரிவில், ஒருவர் முன்வைத்ததை மற்றவர் ஏற்றுத் தெரிவிக்கும் வரை முன்வைத்தவர் திரும்பப் பெறலாம் என்கின்றது. குறித்த கெடு கடந்தால் அது தானே காலாவதி ஆகும் என்பது ஆறாம் பிரிவு. எனவே அவகாசம் நமக்கு உரிமைப் பொருள் அன்று. அவர் மனமுவந்து தருவது. தந்தால் நன்றியுடன் பெறலாம். ஐந்து நாள் தந்தால் ஐந்து நாளே நம்முடையது. ஆறாம் நாள் கொடுக்கப்படாதது. "இல்லை, இப்போதே சொல்ல வேண்டும்" என்று அவர் கூறினாலும் அவரை வெகுளக் காரணமில்லை.

அந்த நாட்களில் நம் கையில் இருப்பது நம் பொருளும் அன்று. ஓர் இருக்கை நமக்காகக் காலியாக வைக்கப்பட்டுள்ளது. பட்டியலில் நமக்கு அடுத்து ஒரு பிள்ளை, நாம் காணாத ஓர் ஊரில், தொலைபேசியைப் பார்த்தபடி காத்திருக்கக் கூடும். வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் நியாசாபகாரம் ஒன்று. அடைக்கலமாக வைத்த பொருளில் வைத்தவர் மறதியால் குறைத்துக் கேட்டால், அவ்வளவே கொடுத்து மீதியை அமுக்கிக்கொள்வது. நமக்காக நிறுத்தி வைக்கப்பட்ட இடமும் ஒருவகை அடைக்கலப் பொருளே. வேண்டாம் என்ற துணிவு மூன்றாம் நாள் பிறந்தும், பத்தாம் நாள் வரை கெடு இருக்கின்றதே என்று வாளாவிருப்பது அந்த அடைக்கலத்தை அமுக்குவதாகும்.

இளைஞர் பின்னர் நம்மிடம் வந்து தாமே இதனைச் சொன்னார். சென்னை நிறுவனம் அவர் மறுத்தபின் அடுத்த மாணவரை அழைத்ததாம். அம்மாணவர் அதற்குள் வேறிடம் சென்றுவிட்டார். அவ்வாண்டு அந்த இருக்கை யாருக்கும் பயன்படவில்லை. "ஐயா, எனக்கு இரண்டு கதவு திறந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு கதவு வேறொருவருடையது என்று நினைக்கவில்லை" என்றார். தம் குற்றத்தை வாய்விட்டுக் கூறுதல் ஆலோசனை எனப்படும். அதுவே பிராயச்சித்தத்தின் முதற்படி. ஆகவே அவரை மேலும் கடிந்துரைக்க நமக்கு மனம் வரவில்லை.

நாமும் இவ்வழுவுக்கு வெளியே நிற்பவர்கள் அல்லோம். பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்ற முடிவோடு வண்டியேறுகிறோம். "ஊருக்குப் போய்க் கலந்து சொல்லி அனுப்புகிறோம்" என்று கூறிவிட்டே ஏறுகிறோம். பெண்ணைப் பெற்றவர் மாதக்கணக்கில் வழி பார்த்திருப்பார். ஜினாலயத் திருவிழாக் கணக்கை ஏற்று நடத்துமாறு ஒருமுறை நம்மை ஊரார் கேட்டபோது, இயலாது என்று உள்ளம் அன்றே சொல்லியும் "யோசித்துச் சொல்கிறோம்" என்று விடை கூறி மூன்று வாரம் கடத்தினோம். வேறொருவரைத் தேட அவர்களுக்குக் கிடைத்தவை நான்கே நாட்கள். மரியாதை என்று நாம் எண்ணியது அவர்களுக்குச் சுமையாயிற்று. வீட்டிலும் ஊரிலும் பெரியவர்கள் இவ்வாறு பேசக் கேட்டு வளரும் பிள்ளைகள் நிறுவனத்துக்கு மட்டும் வேறு விதமாக எழுதுவார்களா?

நியமம் போல் ஓர் எல்லை

விரதங்களைக் கூறும்போது ஸ்வாமி சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் யமம், நியமம் எனப் பிரிக்கின்றார். வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது யமம். கால அளவு குறித்துக் கொள்வது நியமம். இன்று, இரவு, பக்கம், மாதம், பருவம், அயனம் என அளவு சொல்லிக் கொள்ள வேண்டும். "கொஞ்ச நாள்" என்று ஒரு நியமம் இல்லை. அவகாசம் கேட்பவரும் அவ்வாறே நாளும் நேரமும் குறித்துக் கேட்க வேண்டும்.

அப்பெண் எழுதிய கடிதத்தின் பொருளை, பிற மாணவருக்கும் உதவும் என்று இங்கே தருகிறோம்: "தங்கள் அழைப்புக்கு மனமார்ந்த நன்றி. இப்பணியின் தன்மை குறித்து எனக்குச் சில ஐயங்கள் உள்ளன. அவற்றைத் தங்கள் பொறியாளரிடம் கேட்டறிய விரும்புகிறேன். வரும் திங்கட்கிழமை மாலை 5 மணிக்குள் உறுதியான விடை தருவதற்கு இசைவு அளிக்க வேண்டுகிறேன். அதற்குமுன் முடிவு தெரிந்தால் அன்றே தெரிவிப்பேன். தங்களால் காத்திருக்க இயலாதெனில் அதனையும் புரிந்துகொள்வேன்." நன்றி, மெய்யான காரணம், எல்லை, முன்னதாகவே சொல்லும் உறுதி, பிறர் இடரை மதிக்கும் சொல் ஆகிய ஐந்தும் இதில் அமைந்துள்ளன. விடையை ஏற்பாகத் தந்துவிட்டால் அதன்பின் வேறிடம் தேடுவதை நிறுத்திவிட வேண்டும். அதுவே தாரணை.

கெடு விதிப்பவருக்கும் ஒரு சொல் உண்டு. நம்முள் தொழில் நடத்துவோர் சிலர் உள்ளனர். இருபது வயதுப் பிள்ளையிடம் "இன்று மாலைக்குள் சொல்" என்பது அவன் அறிவிடம் கேட்பதாகாது. அவன் அச்சத்திடம் கேட்பதாகும். அமெரிக்காவில் முதுநிலைக் கல்வி நிலையங்களின் கூட்டவை ஒரு நெறியை வகுத்துள்ளது. அதனை ஏற்ற பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோடு இடம் தரும் மாணவரிடம் ஏப்ரல் 15க்கு முன் முடிவு கேட்டு நெருக்குவதில்லை. கொடுப்பவர்களும் கூடிப் பேசினால் ஆராய்வதற்கு இடம் விட முடியும் என்பதற்கு இது சான்று.

நிறைவாக, அவகாசம் கேட்க எண்ணும் மாணவர் தம்மையே ஒரு வினா கேட்டுக்கொள்ளட்டும்: "இந்த நாட்களில் நான் அறியப் போவது என்ன?" விடை இருந்தால் தயங்காது கேட்கலாம். விடை இல்லை, முடிவு முன்பே நெஞ்சில் இருக்கின்றது என்றால், இப்பொழுதே சொல்லிவிடுவது அவர்களுக்கும் நன்று. வரிசையில் அடுத்து நிற்கும் முகமறியாத பிள்ளைக்கும் நன்று. தம் உயிருக்கும் நன்று.

வாழ்க ஜினதர்மம்! வளர்க நல்லறம்!